விடுதலைப் பத்திரம்

விடுதலை என்ற சொல்லை வகுப்பில் நான் ஒரு பொருளில் நடத்துகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் அது வேறு பொருளில் புழங்குகிறது. அங்கே விடுதலைப் பத்திரம் என்றால், குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கை ஒருவர் உடன்பங்குதாரருக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தருவது. நான் பார்த்தவரை எழுதித் தருபவர் அக்காவோ தங்கையோதான். பிறர் தூண்டுதல் இல்லாமல் மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்ததாக அதில் ஒரு வரியும் இருக்கும்.

என் சம்பளத்தில், என் பெயரில் மூன்று சென்ட் மனை வாங்கலாம் என்று தேடத் தொடங்கியபோதுதான் இந்தப் பத்திரத்தோடு எனக்கு நேரடிப் பழக்கம் ஏற்பட்டது. நான் இருப்பது திண்டுக்கல் பேகம்பூரில். ஹைதர் அலியின் குடும்பத்தைச் சேர்ந்த அமீருன்னிசா பேகம் அடங்கிய இடம் என்பதால் வந்த பெயர். ஒரு பெண்ணின் பெயரால் வழங்கும் இடம்தான். ஆனால் என்னிடம் காட்டப்பட்ட பத்திரங்களின் நான்கெல்லைகளில் ஆண் பெயர்களே நின்றன. இன்னார் மனைக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு. பெண் பெயர் வந்த ஓரிரு இடங்களிலும் அவள் ‘இன்னார் மனைவி’.

“சார் எப்ப வருவாரு மேடம்? அவரு ஒரு தடவ பாத்துட்டா அட்வான்ஸ் போட்டுரலாம்” என்றார் தரகர். பணம் என்னுடையது என்றேன். “அது சரி மேடம், பத்திரம் யார் பேர்ல?” என்றார்.

ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்திருக்கிறேன். பத்திரம் படிப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை பெயர்கள் சங்கிலி அறாமல் வர வேண்டும். பட்டாவில் உள்ள சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அடமானம் ஏதும் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்க்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். பிரித்து விற்கும் மனை என்றால் டிடிசிபி அனுமதி இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, கையில் பத்திரம் இருந்தும் விற்க முடியாமல் நின்றவர்கள் ஏராளம். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. தோல் ஷாப்புக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த பகுதி இது. போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்காமல் மனையைப் பிடித்துவிட்டது என்று சொல்லக் கூடாது. குடம் சுமந்த பெண்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அப்படிப் படித்த ஒரு பத்திரத்தில் சங்கிலி அறுந்திருந்தது. இடம் தகப்பனார் பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் ஒரு மகன், இரண்டு மகள்கள். விற்பவர் மகன் மட்டும். அந்த அக்கா தங்கை எங்கே என்று கேட்டேன். “அவங்கள கட்டிக் குடுத்தாச்சு மேடம். உங்களுக்குச் சந்தேகம்னா ஒரு விடுதலை எழுதி வாங்கிக் குடுத்துர்றோம்.”

என் மனைக்குப் பாதுகாப்பு வேண்டுமானால், முகம் தெரியாத இரண்டு பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். பெண்ணுரிமை பேசும் ஒருத்தி சொத்து வாங்கத் தொடங்கும் இடம் இதுவாக இருந்தது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது. பூர்விகச் சொத்தில் இந்து மகளுக்கு மகனோடு சம பங்கு தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல்தான் கிடைத்தது. அதற்கு முன் மணமானவர்களுக்கு அதுவும் இல்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை வைக்கவில்லை. அதன்படி பங்கு கேட்க 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இஸ்லாமிய மகளுக்கு மகனுடைய பங்கில் பாதி. 1937ஆம் ஆண்டின் ஷரியத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. கல்யாணத்தில் போட்ட நகையால் எந்த மகளுடைய பங்கும் தானாக அழிந்துவிடாது.

இவ்வளவு இருந்தும் பெண்கள் ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது கணக்கு என்றே படுகிறது. நாளைக்குப் புருஷன் வீட்டில் ஏதாவது என்றால் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும். பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வர வேண்டும். அதற்காகத் தன் பங்கை அண்ணன் தம்பியின் நல்ல மனதில் முதலீடு செய்கிறாள். அந்த முதலீட்டுக்கு மட்டும் பத்திரம் கிடையாது.

பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிலமும் வீடும் இல்லாத மனைவியரில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் தம் பெயரில் இருந்தவர்களில் அது 7 சதவீதம். போக இடம் இருப்பவள் மேல் கை ஓங்கத் தயக்கம் வருகிறது.

தரகரிடம் ஒன்று சொன்னேன். அவர்களிடம் விடுதலை வாங்க வேண்டாம். இரண்டு பேரும் அண்ணனோடு சேர்ந்து விற்பவர்களாகவே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும், அவரவர் பங்குப் பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். எனக்கும் அதுதான் பாதுகாப்பு. ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: “அவங்க வேற பார்ட்டி பாத்துக்கிறாங்களாம் மேடம்.” அந்த இடத்தில் இப்போது வீடு எழும்பிவிட்டது. வேறொரு மனை எனக்கு அமைய மேலும் இரண்டு வருடம் ஆனது.

2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள வீட்டையோ நிலத்தையோ பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு. நல்லதுதான். இனிப் பத்திரங்களில் பெண் பெயர்கள் கூடும். அந்தப் பத்திரம் யாருடைய பீரோவில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சலுகையால் தீர்மானிக்க முடியாது.

முதலீட்டை எங்கிருந்து தொடங்குவது என்று மாணவிகள் கேட்கிறார்கள். கையில் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன். உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருநாள் கேட்டு வாங்கிப் படியுங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். என்றாவது ஒருநாள் கார் அனுப்பிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டால், தாளை முதல்நாளே வீட்டுக்கு வாங்கி வாருங்கள். விற்பவராகவா, விடுபவராகவா, எப்படி உங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பேனாவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.