பத்துக்கு எத்தனை?

அதிகாலை மூன்றரை மணி. கூடாரத்தின் ஜிப்பை யாரோ திறக்கத் தடுமாறும் சத்தம் கேட்டு, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தி விழித்துக்கொண்டாள். டார்ச்சை அடித்துப் பார்த்தால் பாட்டி.

"எங்க போற பாட்டி?"

"சும்மா, கொஞ்சம் காத்து வாங்க."

வெளியே வைத்திருந்த குவளைத் தண்ணீரின் மேல் மெல்லிய பனிக்கட்டி, பாலில் ஆடை படிவதைப் போலப் படிந்திருந்தது. அந்தக் குளிரில் யாரும் காற்று வாங்க எழுந்து போவதில்லை. சிறுமி பின்னாலேயே போனாள். கூடாரத்துக்குப் பின்புறம் பாட்டி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் சொன்ன முதல் வார்த்தை: "ஒண்ணுமில்ல கண்ணு. அப்பாவை எழுப்பாத."

2022ஆம் ஆண்டு ஜூன் கடைசி வாரம். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் சந்திரதால் ஏரியை அடுத்துள்ள கூடாரத் திடல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,250 மீட்டர் உயரம். ஏரி அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர்தான். விடிந்ததும் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த விடியலுக்காகக் குடும்பத் தலைவர் மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. பயணத்துக்கென்று தனியாக ஒரு ஃபைல் திறந்து, அதில் வரைபடங்கள், செலவுக் கணக்கு, கூடாரம் வாங்கிய ரசீது வரை கோத்து வைத்திருந்தார். ஒன்பது நாட்கள், மூன்று ஏரிகள், இரண்டு தேசியப் பூங்காக்கள். முதலில் ரிவால்சர், பிறகு பராஷர், மூன்றாவதாக சந்திரதால். அங்கிருந்து குன்சும் கணவாயைத் தாண்டி ஸ்பிதியின் பின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. திரும்பும் வழியில் குலு மாவட்டத்து கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா. மனைவி, மகள், ஒன்பது வயது மகன். இவர்களோடு மன்னார்குடியிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாகத் தில்லியில் மகனோடு இருக்கும் 66 வயது அம்மா.

அம்மாவை அழைத்துப் போவதா என்று வீட்டில் யோசனை இருந்தது. "என்னை விட்டுட்டுப் போனா பால்காரனுக்கு யார் கதவு திறப்பா என்கிற கவலையே எனக்கு வேண்டாம்" என்று சொல்லி, தன் பெட்டியை முதலில் கட்டி முடித்தவர் அவர்தான்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1,360 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிவால்சர், பௌத்தர், இந்து, சீக்கியர் மூவருக்கும் புனிதமான ஏரி. கரையைச் சுற்றி ஒருமுறை நடந்து முடித்த பாட்டி, "நம்ம ஹரித்ராநதியில கால்வாசி இருக்குமா?" என்று கேட்டார். ஊர்க் கோயிலின் தெப்பக்குளமே அவருக்கு நீர்நிலைகளின் அளவுகோல். மறுநாள் பராஷர். 2,730 மீட்டர். மூன்றடுக்குக் கூரை கொண்ட பழைய மரக்கோயில், நீரில் மிதந்து இடம் மாறும் ஒரு புல்தீவு. ஏரிக்குக் கீழே அனுமதிக்கப்பட்ட இடத்தில் இரண்டு கூடாரங்களை அடித்து, ஸ்டவ்வில் ரவை உப்புமா கிளறி, குழந்தைகள் நட்சத்திரங்களை எண்ணித் தோற்றுப்போன இரவு அது. தன் ஃபைலைப் பற்றி அப்பாவுக்குப் பெருமையாக இருந்தது.

தவறு அடுத்த பக்கத்தில் இருந்தது. பராஷரிலிருந்து இறங்கி மணாலியில் ஓர் இரவு. மணாலியின் உயரம் 2,050 மீட்டர். சொந்தக் காரை அங்கே நிறுத்திவிட்டு, லாஹௌல்காரர் ஒருவர் ஓட்டும் ஜீப்பில் மறுநாள் காலை புறப்பட்டு மாலையில் சந்திரதால். அதாவது, முதல் நாள் படுத்த உயரத்தைவிட 2,200 மீட்டர் மேலே மறுநாள் இரவு படுக்கை.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் மலையின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. பனியும் நெரிசலுமாக ஒரு பகல் பொழுதை விழுங்கக்கூடிய கணவாயை இப்போது கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். குளிர்காலத்தில் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்த லாஹௌல் மக்களுக்கு அது பெரிய வரம். சாலைதான் வேகமாயிற்று, மனித உடம்பு பழைய வேகத்தில்தான் இருக்கிறது. உயரே போனாலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால் சந்திரதாலில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதமே. அதற்கு உடம்பு பழகச் சில நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஃபைலில் இருந்த எத்தனையோ கணக்குகளில் இது மட்டும் இல்லை.

சுரங்கத்தைத் தாண்டி, கிராம்புவில் பிரிந்து, சந்திரா நதியை ஒட்டிச் செல்லும் பாதையைச் சாலை என்பது மரியாதைக்காகத்தான். பாறைகளும், குறுக்கே பாயும் பனியோடைகளும். பாட்டலில் ஒரு தாபாவில் ராஜ்மாவும் சாதமும். பாட்டி தட்டைத் தொடவில்லை. "மாதாஜி சாப்பிடவில்லையே" என்று கவனித்துச் சொன்னவர் ஓட்டுநர். தலைவலிக்கிறதா என்று மருமகள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, ஜீப் குலுக்கினதுல அலுப்பு" என்றார் பாட்டி. எல்லோரும் அதை நம்பினார்கள். நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

'ஒண்ணுமில்லை' என்பது அந்தக் குடும்பத்துக்குப் பழகிய சொல். பாட்டிக்குப் பிரசவ வலி எடுத்தபோது, அரிசி ஊறவைத்திருந்த மாவை அரைத்து முடித்துவிட்டே சொன்னார் என்பது வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. தன்னால் பிறருக்கு ஒரு வேளைச் சோறோ, ஒரு நாள் விடுப்போ கெடக் கூடாது என்று நினைக்கும் தலைமுறை. சமவெளியில் அந்தக் குணத்தைத் தியாகம் என்று சொல்லிப் பாராட்டிவிட்டுப் போய்விடலாம். 4,000 மீட்டருக்கு மேல் அதே குணம் ஆளைக் கொன்றுவிடும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை மலை நோயின் முதல் அறிகுறிகள். அவற்றை மறைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தால், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அல்லது மூளை வீங்கும். இரண்டும் சில மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடியவை.

பேத்திக்கு இது தெரிந்திருந்தது. முந்தைய ஆண்டு பள்ளியின் மலையேற்ற முகாமில் பயிற்சியாளர் ஒருவர் கற்றுக்கொடுத்தது. அதிகாலை இருட்டில், டார்ச்சைத் தரையில் பிடித்து, "பாட்டி, ஒரு குதிகாலுக்கு முன்னால இன்னொரு காலை ஒட்டி வெச்சு, பத்தடி நேரா நட" என்றாள். பாட்டி சிரித்தார். "இந்த வயசுல பாண்டி ஆடச் சொல்றியா?" நடந்தார். மூன்றாவது அடியில் இடப்பக்கம் சாய்ந்தார். மறுபடி முயன்றார். மறுபடி சாய்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. சிறுமி அடுத்த கூடாரத்துக்கு ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்த ஐந்து நிமிட உரையாடலை அப்பா இன்றும் மறக்கவில்லை.

"ராத்திரி தூங்கலை, அதான் தள்ளாடுது. வெயில் வந்தா சரியாயிடும். ஏரியை ஒரு எட்டு பார்த்துட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பிடலாம்" என்றார் அவர்.

"அவன் சொல்றது சரிதான். இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

மகள் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "அப்பா, நேரா நடக்க முடியலைன்னா அது மூளை சம்பந்தப்பட்டது. உடனே இறங்கணும். காத்திருக்கக் கூடாது. இதை நான் பரீட்சைக்குப் படிக்கலை" என்றாள்.

மனைவி ஒன்றும் பேசாமல் தூங்கும் பைகளைச் சுருட்டத் தொடங்கினார். ஓட்டுநர் ஏற்கெனவே இன்ஜினை ஓடவிட்டிருந்தார். இருட்டில் அந்தப் பாதையில் போகலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அப்பாவின் கடைசித் தயக்கத்தையும் போக்கியது. வெயில் ஏற ஏறப் பனி உருகும், பிற்பகலில் ஓடைகள் பெருகும். விடியற்காலையில்தான் அவற்றில் தண்ணீர் குறைவு. "இப்போது நாலாக்கள் தூங்குகின்றன, சார். அவை விழிப்பதற்குள் போய்விடலாம்."

நாலே கால் மணிக்கு ஜீப் நகர்ந்தது. ஏரி இருந்த திசை இருட்டில் பின்னால் போயிற்று. மகன் மட்டும், "அப்ப ஏரி?" என்று ஒருமுறை கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

பாட்டலில் நிறுத்தவில்லை. இறங்கியது போதாது. அங்கும் உயரம் நான்காயிரத்தை ஒட்டித்தான். பேத்தி பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, தூங்க விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். மன்னார்குடி வீட்டில் எத்தனை தூண்? கிணற்றில் எத்தனை உறை? முதலில் பாட்டியின் பதில்கள் தாமதமாக வந்தன. ஒரு பதில் தவறாகவும் இருந்தது. கண்ணாடி வழியே அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகனின் முகத்தை மருமகள் பார்க்காமல் இருக்க முயன்றார். சத்ருவை நெருங்கும்போது வெளிச்சம் வந்துவிட்டது. கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கீழே. "ஒரு டீ குடிச்சா தேவலை" என்றார் பாட்டி. முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட முதல் பொருள். கோக்சரில் இறங்கியபோது, யாரும் சொல்லாமலே, ஒரு குதிகாலுக்கு முன் இன்னொரு காலை வைத்து நடந்து காட்டினார். ஆறடி நேராகப் போனார்.

மணாலியில் பார்த்த மருத்துவர் சற்று நேரம் ஆக்ஸிஜன் கொடுத்தார். மூளை வீக்கத்தின் தொடக்கமாக இருந்திருக்கலாம் என்றார். "மருந்துகள் இருக்கின்றன. ஆனால் இறங்குவதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஒன்பது மணிவரை காத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்." அப்பா வெளியே வந்து, தேவதாருக்களின் அடியில் வெகுநேரம் தனியாக நின்றார். ஸ்பிதிக்குப் போக வேறு வழி இருப்பதை அங்கேதான் கேட்டறிந்தார். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாக, கல்பா, நாக்கோ, காசா என்று ஓரிரு நாள் தங்கித் தங்கி ஏறும் நீண்ட பாதை. நாட்கள் கூடுதல் என்று அவரே ஃபைலிலிருந்து அடித்துவிட்ட பாதை அது.

அன்று மாலை பேத்தி ஒரு சட்டம் கொண்டுவந்தாள். இனி யாரும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்லக் கூடாது. காலையும் மாலையும் ஒவ்வொருவரும் தன் உடம்பு படும் பாட்டுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் சுகம். பொய் சொன்னால் பாத்திரம் கழுவ வேண்டும். ஒன்பது வயதுக்காரன் முதல் நாளே முழங்கால் சிராய்ப்புக்கு ஒன்பது போட்டான். பாட்டி இரண்டு என்றார். கொஞ்சம் யோசித்து, "மூணுன்னு வெச்சுக்கோ" என்றார்.

பின் பள்ளத்தாக்கு கைவிடப்பட்டது. மிச்ச நாட்களைத் தீர்த்தன் நதிக்கரையில், குஷைனி அருகே கழித்தார்கள். 1999இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கிரேட் ஹிமாலயன் பூங்காவுக்குள் மோட்டார் சாலை கிடையாது. ஊரிலிருந்து நடந்துதான் போக வேண்டும். உள்ளூர் மக்கள் பறவைகளின் ராஜா என்ற பொருளில் 'ஜுஜுரானா' என்று அழைக்கும் அரிய பறவையின் காடு அது. அந்தப் பறவையை அவர்கள் பார்க்கவில்லை. பூங்காவின் வாயில்வரைகூடப் போகவில்லை. ஆற்றோரப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்திருப்பார்கள். பாட்டி நின்று, "அஞ்சு" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தலை இல்ல. முட்டி. வலது முட்டி."

"எப்பலேர்ந்து அத்தை?" என்று மருமகள் கேட்டார்.

"தில்லிக்கு வந்ததுலேர்ந்தே இருக்கு. மூணாவது மாடி பாரு."

ஆறு ஆண்டுகள். யாருக்கும் தெரியாது. தினமும் பாலுக்கும் காய்கறிக்கும் அவர்தான் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். அப்பா எதுவும் சொல்லாமல் முதுகுப் பையை இறக்கி ஒரு பாறைமேல் வைத்து, அம்மாவை உட்காரச் சொல்லி, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். அன்று அதற்கு மேல் யாரும் நடக்கவில்லை. நதியில் கால் நனைத்தபடி மதியம்வரை அங்கேயே இருந்தார்கள்.

மறு ஆண்டு, 2023 ஜூலையில் பனிப்பொழிவும் நிலச்சரிவும் பாதையை அடைத்து, சந்திரதாலில் 250க்கும் மேற்பட்ட பயணிகள் பல நாட்கள் சிக்கிக்கொண்ட செய்தியைத் தொலைக்காட்சியில் குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. திரையில் ஏரி ஒரு கணம் தெரிந்தது. "அதுவா?" என்றார் பாட்டி. "நல்லாத்தான் இருக்கு."

அவர்கள் இப்போது தரைத்தள வீடு ஒன்றுக்குக் குடிமாறியிருக்கிறார்கள். அப்பாவின் ஃபைலில் கின்னோர் பாதை மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தமுறை பதினான்கு நாட்கள். முட்டிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பாட்டி, தான் வருவதாக இன்னும் சொல்லவில்லை. காலையில் காப்பி கொடுக்கும்போது பேத்தி கேட்கிறாள். அவர் தவறாமல் எண் சொல்கிறார்.