கொடிகளுக்கு நடுவே

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில் நீ கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "ஜனவரியில வந்தா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறே. சுண்டல் கிடையாது, மிளகாய் பஜ்ஜி கிடையாதுங்கிறே. அப்புறம் அங்கே போய் என்னடா பண்றது?" சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்த மடல்.

நமக்குக் கடற்கரை என்றால் மெரினாவில் காற்று வாங்குவது. அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. அப்பா பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நம் மணிக்கட்டைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்வார். கணுக்கால் நனையலாம். அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறினாலும் பின்னால் இழுத்துவிடுவார். உன் செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோனபோது நீ ஊரைக் கூட்டி அழுதாய். மனுஷர் பிடியை விடவே இல்லை.

அந்த வளர்ப்போடுதான் சிட்னிக்கு வந்தேன். வந்த வருஷமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலில் பாண்டை ஜங்ஷன், அங்கிருந்து 333-ஆம் எண் பஸ் பிடித்துப் பாண்டை கடற்கரையில் இறங்கினேன். ஓரிடத்தில் அலை ஆளுயரத்துக்குப் புரண்டு வெள்ளையாக நுரைத்தது. ஜனமெல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துக்குக் கிட்டே, தெற்கு மூலையில், தண்ணீர் கருநீலமாக, அலையே இல்லாமல், கோயில் குளம் மாதிரி கிடந்தது. அப்பா வளர்த்த பிள்ளை எங்கே போவான்? குளத்துக்குத்தான் போனேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கையில் காலடி மணல் நழுவியது. அடுத்த அடி வைத்தபோது தரையே இல்லை. கரையைப் பார்த்து நீந்தினேன். கை போடப் போட கரை சின்னதாகிக்கொண்டே போனது. எத்தனை நிமிஷம் என்று சொல்லத் தெரியவில்லை. உப்புத் தண்ணீர் குடித்தது மட்டும் நினைவிருக்கிறது. நீலச் சட்டைக் காவலர் ஒருவர் பலகையில் வந்து என்னைக் குப்புறப் போட்டுக் கரை சேர்த்தார். கோபப்படவில்லை. "கொடி எங்கே இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். ஆழமான வாய்க்கால் ஒன்றைப் பிடித்து அது வெளியே ஓடுகிறது. இங்கே அதற்கு ரிப் என்று பெயர். ஆழத்தில் அலை உடையாது. அதனால்தான் கரையிலிருந்து பார்த்தால் அந்த இடம் சாதுவாகத் தெரியும். நான் மாட்டியதற்குத் தனிப் பெயரே உண்டு: பேக்பேக்கர்ஸ் ரிப். பஸ்ஸிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் நேரே அந்த அமைதியைத் தேடிப் போய் விழுவார்களாம். ரிப் வேகமெடுத்தால் ஒலிம்பிக் வீரராலும் எதிர்நீச்சல் போட முடியாது. மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெம்பிருந்தால் பக்கவாட்டில், அலை நுரைக்கும் இடத்தைப் பார்த்து ஒதுங்கலாம்.

சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள். நடுவே மட்டும்தான் குளியல். கடல் மாறினால் கொடியும் இடம் மாறும். 1938 பிப்ரவரி 6 அன்று இதே பாண்டையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் இருநூறு பேருக்கு மேற்பட்டவர்களை உள்ளே இழுத்துக்கொண்டன. அன்று கரையில் தற்செயலாகத் தன்னார்வக் காவலர்கள் கூட்டமாக இருந்ததால் சாவு 5 பேரோடு நின்றது. ஆண்ட பிரதமரையே கடலுக்குக் கொடுத்த நாடு இது. 1967 டிசம்பரில் விக்டோரியா மாநிலத்தில் நீந்தப் போன ஹெரால்ட் ஹோல்ட் திரும்பவே இல்லை. அவர் பெயரை மெல்பர்னில் ஒரு நீச்சல் குளத்துக்கு வைத்திருக்கிறார்கள். இந்த ஊர் நகைச்சுவை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த ஊர்க்காரர்கள் என்னவோ மீன் குஞ்சு மாதிரி பிறக்கும்போதே நீந்தினவர்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பார்த்தால், 1902-இல்கூட இங்கே பகலில் கடலில் குளிப்பதே குற்றம்! மேன்லியில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், இன்ன நாள் உச்சிவேளையில் குளிக்கப்போகிறேன் என்று தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு இறங்கினார். வழக்குப் போடவில்லை. மறு வருஷம் மேன்லி நகராட்சி அனுமதித்தது, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடிய உடுப்போடு. பலகைமேல் ஏறி அலையில் நிற்பதையும் 1914–15 கோடையில் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்கு செய்து காட்டிய பிறகுதான் ஊரே பிடித்துக்கொண்டது. ஆக, எல்லாம் கற்றுக்கொண்ட வித்தை.

உன் மருமகளும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். ஞாயிறு காலையில் 'நிப்பர்ஸ்' வகுப்பு. கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறச் சட்டை, தாடையில் முடிச்சிட்ட துணித் தொப்பி. அவளுக்குப் பிடித்தது கொடி விளையாட்டு. பிள்ளைகள் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். முதுகுக்குப் பின்னால் தூரத்தில் மணலில் ரப்பர் குழாய்த் துண்டுகள் செருகியிருக்கும், ஆளைவிட ஒன்று குறைவாக. விசில் ஊதியதும் துள்ளி எழுந்து, திரும்பி, ஓடி, பாய்ந்து பிடுங்க வேண்டும். நம் நாற்காலிப் போட்டியேதான், பாட்டு மட்டும் இல்லை. வாய் நிறைய மணலோடு வந்து, "அப்பா, ரிப் எங்கே இருக்கு சொல்லு" என்று என்னைச் சோதிப்பாள். இரண்டில் ஒரு தடவை தப்பாகத்தான் காட்டுகிறேன்.

உனக்காக ஓரிடம் பார்த்து வைத்திருக்கிறேன். கூஜியில் மெக்கைவர்ஸ் குளம். பாறைக்குள் கடல்நீர் நிரம்பிய குளம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான் அனுமதி. பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து 1995-இல் அதற்கு விலக்கே வாங்கியிருக்கிறார்கள். நான் வாசலோடு சரி, மற்றதெல்லாம் உன் தம்பி பெண்டாட்டி சொல்லித்தான் தெரியும். தலையில் முக்காடிட்டவர்களும் வருவார்களாம், எண்பது வயதுப் பாட்டிகளும் வருவார்களாம்; யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லையாம்.

காலை ஆறரைக்குக் கிளம்பிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் இந்த ஊர் ஜனவரி வெயில் பொல்லாதது. நம் நிறத்துக்கு எதற்கு என்று நீ சிரித்தாலும் களிம்பு பூசித்தான் அழைத்துப் போவேன். கடற்கரைப் பூங்காக்களில் பொத்தானை அமுக்கினால் சூடாகிற இலவசத் தகட்டு அடுப்பு இருக்கிறது. சுண்டலை அதிலேயே தாளித்துவிடலாம். ஆனால் பட்டாணியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடாதே. விமான நிலையத்தில் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். வென்ட்வொர்த்வில் கடையில் நானே வாங்கி முந்தின ராத்திரி ஊறப்போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி