கழுதைக்கும் ஒரு வாளி தண்ணீர்



மன்னாருக்குப் புதிதாக வருகிறவர்கள் தீவுக்குள் நுழைந்ததும் கேட்பது இதைத்தான்: "என்ன, இவ்வளவு கழுதையா?" நமக்கு அது புதினம் இல்லை. பஸ் நிலையத்துப் பக்கம், கடைத்தெருவில், பள்ளிக்கூட மதிலோரத்தில் நிழல் தேடி நிற்கும் அந்தச் சீவன்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் நன்மை செய்வது என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நம் ஊரில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அரபு வணிகர்கள் கொண்டுவந்த சீவன் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்துக்கும் இதே கதைதான். மரத்தைப் பார்க்க வெளிநாட்டில் இருந்தும் வந்து படம் எடுக்கிறார்கள். கழுதைக்குக் கல்லெறிதான் கிடைக்கிறது. ஒரு காலத்தில் நம் ஊர்ப் பொதிகளைச் சுமந்தது அது. லொறியும் லேண்ட்மாஸ்டரும் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. வேலை இல்லாததற்குச் சொந்தக்காரரும் இல்லை.

இப்போது அது தின்பது நாம் வீசும் சோத்துப் பார்சலின் மிச்சம், லன்ச் சீட்டோடும் சொப்பிங் பேக்கோடும் சேர்த்து. பிளாஸ்டிக் வயிற்றுக்குள் போனால் சமிக்காது. குடல் அடைத்தால் மெல்ல மெல்லச் சாகும். இரவில் றோட்டில் படுத்திருக்கும்போது வாகனம் மோதி அதுவும் சாகிறது, மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளைகளும் அடிபடுகிறார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஹோர்ன் அடித்தும் கழுதை நகராமல் நின்றால் அதைப் பிடிவாதம் என்கிறோம். அது பிடிவாதம் இல்லை. குதிரை பயந்தால் ஓடும். கழுதை பயந்தால் பெரும்பாலும் அப்படியே உறைந்து நிற்கும். வலியையும் வெளியே காட்டாது.

வகுப்பில் கேள்வி கேட்டதும் வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளையும் அப்படித்தான். அந்தப் பிள்ளையை ஏச நம் ஊரில் எடுக்கும் முதல் சொல்லும் "கழுதை"தான். இரண்டு பேரும் நிற்பது பயத்தில். கத்தினால் பயம் கூடுமே தவிரக் கால் நகராது, வாயும் திறக்காது. கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் போய், மெதுவாகப் பேசினால் இரண்டும் நடக்கும்.

நம் மார்க்கத்தில் கழுதைக்கு இடம் இல்லையா? நபி (ஸல்) அவர்களே கழுதையில் ஏறிப் பயணம் செய்தார்கள். முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போன கழுதையின் பெயர் உஃபைர் என்று புகாரியில் வருகிறது. முகத்தில் சூடு வைக்கப்பட்ட ஒரு கழுதையைக் கண்டபோது அதைச் செய்தவனைச் சபித்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸைத் தெரியாத மதரஸாப் பிள்ளை நம் ஊரில் இருக்காது. உயிருள்ள எதற்குச் செய்தாலும் கூலி உண்டு என்பதுதான் அந்த ஹதீஸின் முடிவு.

ஹதீஸ் நமக்குத் தெரியும். தண்ணீர்தான் வைக்கப்படவில்லை. சூரா ஜும்ஆவில் அல்லாஹ் ஓர் உவமை சொல்கிறான்: வேதம் கொடுக்கப்பட்டும் அதன்படி நடக்காதவர்கள் நூல்களைச் சுமக்கும் கழுதையைப் போன்றவர்கள் என்று. அந்த ஹதீஸை மனனம் செய்து பரிசு வாங்கிவிட்டு, வெளியே தாகத்தோடு நிற்பதைக் கடந்து போகிறோம் என்றால் அந்த உவமை யாருக்கு?

"மனிசனுக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு, கழுதைக்கா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மணல் தீவு, மழையும் குறைவு. ஆனால் தண்ணீர் இல்லாத வலி தெரிந்த ஊரவர் நாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசலை விட்டுப் போனார்கள். மன்னார்த் தீவில் இருந்து வள்ளம் ஏறிய நம் குடும்பங்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கின. புத்தளத்து மக்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் தங்கள் வளவையும் திறந்துவிட்டார்கள். இங்கே மன்னாரில் தமிழ் மக்களும் கத்தோலிக்கக் குருமாரும் நமக்காகப் புலிகளிடம் பேசினார்கள். முடிவு மாறவில்லை, ஆனாலும் பேசினார்கள். திருப்பிக் கொடுக்க அன்று நம்மிடம் ஒன்றும் இல்லை. அது தெரிந்துதான் அவர்கள் செய்தார்கள்.

மனிதரையும் மிருகத்தையும் ஒப்பிட இதை எழுதவில்லை. கைம்மாறு எதிர்பாராமல் செய்த நன்மையால் உயிர் தப்பிய சமூகம் நாம். நன்றி சொல்லத் தெரியாத ஒரு சீவனுக்குச் செய்யும்போதுதான் அந்தக் கடனில் ஒரு துளி தீரும்.

முன்னுதாரணமும் நம் ஊரிலேயே உண்டு. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் அமைத்தது. தொல்லை என்று நாம் ஒதுக்கிய சீவனுக்கு மருந்து கட்ட வெளியில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். நம்மால் முடிந்தது அதைவிடச் சின்னது:

வாசலுக்கு வெளியே நிழலில் ஒரு பழைய வாளியோ தாச்சியோ வையுங்கள். அரிசி கழுவிய தண்ணீரே போதும். தினமும் கழுவி மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு பெருகி டெங்கு வரும்.

வத்தகப்பழத் தோலைப் பேக்கில் கட்டி வீசாமல் அப்படியே போடுங்கள். பிளாஸ்டிக்கை வேறாக எடுத்து வையுங்கள்.

இரவில் மெதுவாக ஓடுங்கள். றோட்டில் படுத்திருந்தால் இறங்கி ஓரமாக்கி விடுங்கள். பாதையில் இடையூறை அகற்றுவது ஸதகா. அது அந்தச் சீவனுக்கும் நன்மை, பின்னால் வரும் மனிசனுக்கும் நன்மை.

வாளி வைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பக்கத்துக் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளட்டும். அவர்களுடைய குருத்தோலை ஞாயிறிலும் ஒரு கழுதை இருக்கிறது. ஒரு வாளியை இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து நிரப்பினால் அதில் வளர்வது கழுதை மட்டும் அல்ல.

கற்றதைச் சுமப்பவர்களாக அல்லாமல் கற்றபடி நடப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.