போடிக்கு வராத காந்தம்

உள்ளங்கையை நீட்டுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. வலிக்காது. வானத்தின் உச்சியில் பிறந்து, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வருகிற மின்துகள் அது. ரைபிள் குண்டு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். இது 3 லட்சம்!

இதை எப்படி அளப்பது? காந்தம்தான் வழி. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் சைக்கிள் சுலபமாகத் திரும்பிவிடும். பாரம் ஏற்றிய லாரி வேகமாக வந்தால் லேசில் திரும்பாது. மியூவானும் அப்படித்தான். காந்தப் புலத்தில் அதிகம் வளைந்தால் முட்டும் பலம் குறைவு. கொஞ்சமாக வளைந்தால் ஆள் முரடன். எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து அது பாசிட்டிவா, நெகட்டிவா என்று சொல்லிவிடலாம்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் மலைக்குள் இதற்காகத் திட்டமிட்ட காந்தத்தின் எடை ஏறத்தாழ 50,000 டன். 151 அடுக்கு இரும்பு. நடுநடுவே கண்ணாடி உணர்கருவிகள், நானோ விநாடிக் கணக்கில் நேரம் குறிக்க. ஒரு நானோ விநாடியில் ஒளியே ஓர் அடிதான் நகரும். கீழிருந்து மேலே ஒரு மியூவான் வந்தால், பூமியையே துளைத்து வந்த நியூட்ரினோ அதைப் பெற்றது என்று அர்த்தம்.

இந்த பி.காம். இதையெல்லாம் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் சொல்லி முடித்தேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி தம்பி. எங்க கிணத்துத் தண்ணி என்னாகும்?"

அதற்குக் காந்தத்தில் பதில் இல்லை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வரும்வரை வேலை கூடாது என்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இது வேண்டாம் என்று தமிழக அரசு 2022-ல் உச்சநீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டது. மதுரையில் 85 டன் மாதிரிக் காந்தம் ஒன்றை நிறுவி மியூவான்களை அளந்தார்கள். உலகில் முதன்முதலாக வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கச் சுரங்கம், 1965-ல். அந்தப் பரம்பரைக்கு இது பெரிய நஷ்டம்தான்.

ஆனால் பெரியவரின் கேள்வியும் அறிவியல் கேள்விதானே? தண்ணீருக்கு ஆபத்தில்லை என்றார்கள் விஞ்ஞானிகள். ஊர் நம்பவில்லை. அடுத்து எந்த மலையைக் குடையக் கிளம்பினாலும் முதல் கருவியைக் கிணற்றில் இறக்குங்கள். தண்ணீர் மட்டத்தை ஊர்ச் சாவடிச் சுவரில் மாதாமாதம் எழுதுங்கள். நானோ துல்லியம் வேண்டாம்.

முழக் கணக்கு போதும்.