பினோக்கியோ தன் வாப்பாவை எப்படிக் கூப்பிடுவான்?



போன கிழமை தரம் ஏழு பிள்ளைகளோடு பினோக்கியோ கதை பேசிக்கொண்டிருந்தோம். பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மை என்றதும் எல்லாருக்கும் சிரிப்பு. கடைசி வாங்கிலிருந்த ஒரு மகள் கேட்டாள்: "சேர், அவன் அவன்ட வாப்பாவ எப்பிடி கூப்பிடுவான்?" டிஸ்னி படத்தில் 'ஃபாதர்' என்பான் என்றோம். "அது இங்கிலீஷ் தானே. அவன்ட பாஷையில?"

பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தோம்.

'பப்போ'. 'பள்ளி'யில் வரும் ப அல்ல, 'பஸ்'ஸில் வரும் ப. கதையை எழுதிய கொல்லோடி ஃபுளோரன்ஸ்காரர். 1883இல் அது புத்தகமாக வந்தது. அந்த நகரம் இருக்கும் தொஸ்கானாவிலும் பக்கத்து உம்பிரியா, ரொமாஞ்ஞா பகுதிகளிலும் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடும் சொல் இது. சார்டினியா தீவில் 'பப்பு'. மற்ற இத்தாலியர்கள் பெரும்பாலும் 'பப்பா' என்கிறார்கள், கடைசி எழுத்தை அழுத்தி. அழுத்தத்தை முதல் எழுத்துக்கு மாற்றினால் கவனம், அது வத்திக்கானில் இருக்கும் பாப்பரசர்! 'பாத்ரே' என்ற சொல்லும் உண்டு. அது தகப்பனைப் பற்றிப் பேசவும் எழுதவும். வீட்டுக்குள் அப்படிக் கூப்பிடுவது குறைவு.

தெற்கே பாரி நகரத்துப் பேச்சில் தகப்பன் 'அத்தானெ'. தமிழ்நாட்டு முஸ்லிம்களின் 'அத்தா' ஞாபகம் வருகிறதா? எங்களுக்கும் வந்தது. உடனே சொந்தம் கொண்டாட வேண்டாம். ப, ம, த எல்லாம் குழந்தை வாயில் முதல் முதல் வரும் ஓசைகள். எந்த ஊரிலும் தாய் தகப்பன் அவற்றைத் தங்களுடைய பெயராக எடுத்துக்கொள்கிறார்கள்.

'பப்பா' பிரெஞ்சிலிருந்து வந்தது. 'பப்போ' அதைவிடப் பழையது. எழுநூறு வருஷத்துக்கு முன்னரே தாந்தே இதைக் குழந்தைச் சொல், உயர்ந்த கவிதைக்கு ஒத்துவராது என்று ஒதுக்கிவைத்தார். (அவர் எங்கள் மார்க்கத்தைப் பற்றி எழுதியதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அது வேறு பேச்சு.) அவர் ஒதுக்கினாலும் அவருடைய ஊர்ப் பிள்ளைகள் விடவில்லை. இப்போது அங்கேயும் 'பப்பா' நுழைகிறது. யாரும் தடை போட்டு 'பப்போ' குறையவில்லை. பெரிய ஊர்ச் சொல் கொஞ்சம் நாகரிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது எங்கள் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் 'டாடி', வீட்டுக்குள் 'வாப்பா'. சில வீடுகளில் வீட்டுக்குள்ளும் 'டாடி' தான். எங்கள் வீட்டுச் சின்னவரும் அப்படித்தான். நாங்கள் திருத்தவில்லை, ஏன் திருத்தவில்லை என்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் கண்டோம். மூலக் கதையில் பினோக்கியோ 'பப்போ' என்று செல்லமாகக் கூப்பிட்டாலும் தகப்பனோடு 'வோய்' போட்டுத்தான் பேசுகிறான், எங்களுடைய 'நீங்க' மாதிரி. இன்றைக்கு இத்தாலியில் அநேகமான பிள்ளைகள் தகப்பனை 'தூ', அதாவது 'நீ', என்கிறார்கள். தெற்கே சில பழைய குடும்பங்களில் 'வோய்' மிஞ்சியிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னோம். 'பப்போ' என்று எல்லாரும் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, மகனைத் தேடிக் கடலுக்குப் போன தகப்பனைப் பெரிய சுறா விழுங்கிவிடும், அதன் வயிற்றுக்குள் இரண்டு வருஷம் இருப்பார், அங்கேதான் மகன் அவரைக் கண்டுபிடிப்பான், கண்டதும் 'பப்பீனோ' என்று இன்னும் செல்லமாகக் கூப்பிட்டுக் கழுத்தைக் கட்டிக்கொள்வான் என்று சொன்னோம்.

சிரிப்பு நின்றது. அந்த வகுப்பில் எத்தனை வாப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் என்று எங்களுக்குத் தெரியும்.

கேள்வி கேட்ட மகள்தான் திரும்பவும் கை தூக்கினாள்.

"ரெண்டு வருஷமும் அவன்ட வாப்பாட்ட ஃபோன் இல்லையா சேர்?"