கேமராவின் பார்வை நம் காம்பவுண்டுச் சுவரோடு நிற்கட்டும்

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கேமரா வைத்திருப்பவர்களும், பக்கத்து வீட்டுக் கேமராவைப் பார்த்துச் சங்கடப்படுபவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கேமராவுக்கு எதிரி இல்லை. என் வீட்டு வாசலிலும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில், வயதானவர்கள் மட்டும் வீட்டில் என்று ஆகிவிட்ட தெருக்களில் அது ஒரு தைரியம். சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்தே மக்களைக் கேமரா பொருத்தச் சொன்னது. சங்கிலிப் பறிப்பு முதல் விபத்து வரை எத்தனையோ வழக்குகளில் ஏதோ ஒரு வீட்டுக் கேமராதான் துப்புக் கொடுத்திருக்கிறது.

ஆனால் கேமரா பொருத்த வரும் தம்பி, "எவ்வளவு தூரம் தெரியணும் சார்?" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "தெரிகிற அளவுக்கு எல்லாம் தெரியட்டும்ப்பா." பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பெண், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தாள். பின்வீட்டுக்காரர் மாடியில் புதிதாகக் கேமரா வைத்திருக்கிறார். அது அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்தபடி இருக்கிறது. துணி துவைக்கும் கல், கொடி, குளியலறை வாசல் எல்லாம் அங்கேதான். "சார், குளிச்சிட்டு வெளியே வரவே கூசுது. துணி காயப்போடப் போனாக்கூட நைட்டி மேல துண்டைப் போட்டுக்கிட்டுப் போறேன். எங்க வீட்டுக்குள்ளேயே நான் ஒளிஞ்சு நடக்கறேன் சார்" என்றாள். கணவர் போய்க் கேட்டதற்கு, "திருடனுக்காக வச்சேன், உங்களைப் பார்க்கவா வச்சேன்?" என்று பதில் வந்திருக்கிறது.

அவர் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் படம் பிடிக்கப்படுகிறவருக்கு வைத்தவரின் மனம் தெரியாது. கேமராவின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அவள் கேட்டாள். சமூக அறிவியல் வாத்தியாரிடம் கேட்டால் சும்மா விடுவேனா!

அடிப்படை உரிமைகள் ஆறு என்று வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் 'அந்தரங்க உரிமை' என்று தனியாக ஒன்று கிடையாது. 1954-லும் 1962-லும் உச்ச நீதிமன்றம் அப்படி ஓர் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றே சொன்னது. 1962 வழக்கு காரக் சிங் என்பவருடையது. உத்தரப்பிரதேச போலீசார் அவர் வீட்டைக் கண்காணித்ததும், நள்ளிரவில் வந்து கதவைத் தட்டியதும்தான் வழக்கு. இரவில் வீடு தேடி வருவது கூடாது என்ற நீதிமன்றம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்ல மட்டும் மறுத்துவிட்டது.

பிறகு 1994-ல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடலாமா என்பது கேள்வி. அந்தத் தீர்ப்பில்தான், ஒரு குடிமகனுக்குத் தன்னை, தன் குடும்பத்தை, வீட்டைச் சார்ந்த விஷயங்களில் தொந்தரவில்லாமல் தனியே விடப்படும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கடைசியாக 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் 21-ஆவது பிரிவின் உயிருரிமைக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

"அது அரசாங்கத்துக்கு எதிரான உரிமை, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். இந்தச் சட்டம் ஒரு தனிமனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்யும் பதிவுகளுக்கு விலக்குக் கொடுக்கிறது. ஆகவே உங்கள் வாசல் கேமராவுக்கு லைசென்ஸ், பதிவு என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஆனால் இந்த விலக்கு தனிமனிதருக்குத்தான். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், கடை, மகளிர் விடுதி நடத்துபவர்கள் இதைக் காட்டித் தப்பிக்க முடியாது. வீட்டுக் காட்சியை எடுத்து ஊர் பார்க்கப் பொதுவெளியில் போட்ட பிறகும் அது 'வீட்டு உபயோகம்' என்று வாதாடுவது கடினம் என்பது என் கருத்து.

வீட்டு உபயோகம் எந்த இடத்தில் முடிகிறது என்று நம் சட்டம் கோடு கிழித்துச் சொல்லவில்லை. இதே கேள்வி ஐரோப்பாவில் எழுந்தது. செக் நாட்டில் ஒருவர் வீட்டு ஜன்னலை யாரோ உடைத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் கேமரா வைத்தார். 2007-ல் கவண் வில்லால் ஜன்னலை அடித்த இரண்டு பேர் அதில் சிக்கினார்கள். ஆனால் அந்தக் கேமராவில் பொதுப் பாதையும் எதிர்வீட்டு வாசலும் தெரிந்தன. 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், வீட்டு எல்லை தாண்டிப் பொது இடத்தைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு வீட்டு உபயோக விலக்கு பொருந்தாது என்றது. அவருடைய பாதுகாப்புத் தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கோடு எங்கே என்று யோசிக்க நல்ல உதாரணம்.

நம் நீதிமன்றங்களும் அந்தத் திசையில்தான் போகின்றன. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டை எட்டிப் பார்க்க அனுமதிக்க முடியாது, இதற்கு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்றது. 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஒரே வீட்டில் குடியிருக்கும் இன்னொருவரின் சம்மதம் இல்லாமல் வசிக்கும் பகுதிக்குள் கேமரா வைத்தது அவருடைய அந்தரங்கத்தை மீறுவது என்றது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. மாடியில் வாடகைக்குக் குடிவைத்திருப்பவர்களும், கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

குற்றவியல் சட்டத்தில் கோடு இன்னும் அழுத்தமானது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் குளிக்கும்போதோ, உடை மாற்றும்போதோ படம் பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவின்படி முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். இது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும்.

இனி, அந்தப் பெண்ணின் விஷயம். நானும் அவள் கணவரும் பின்வீட்டுக்குப் போனோம். சட்டம் பேசவில்லை. "உங்க போன்ல அந்தக் கேமராவைக் கொஞ்சம் காட்டுங்க" என்று மட்டும் கேட்டேன். திறந்தார். பாதித் திரையில் அவர் வீட்டுச் சுவர், மீதிப் பாதியில் இவர்கள் கொல்லை. அவருடைய மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, அவங்க பாத்ரூம் வாசல்லாம் தெரியுதே!" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கேமரா பொருத்தியவர் வந்தார். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் பயன்படும். கேமராவின் தலையைக் கீழே தாழ்த்தினார். அப்படியும் தெரிந்த பகுதியை டிவிஆர் மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' என்ற வசதியால் மறைத்தார். திரையில் அந்த இடம் கறுப்புக் கட்டமாகிவிடும், பதிவிலும் வராது. பெரும்பாலான கேமராக்களில் இந்த வசதி உண்டு. நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

அப்படியே இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்:

1. மைக்கை அணைத்துவிடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசும் குடும்பக் கதை உங்கள் ஹார்டு டிஸ்க்கில் எதற்கு?

2. பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே கசிந்து, இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டது நினைவிருக்கும். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே விட்டுவைப்பது, கதவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது மாதிரி. பொருத்தியவரின் போனில் உங்கள் கேமரா இன்னும் திறக்கிறதா என்றும் கேளுங்கள்.

3. பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதப் பதிவு போதும். பழையது தானாக அழியட்டும்.

4. "இங்கே கேமரா உள்ளது" என்று ஒரு பலகை. திருடனுக்கும் எச்சரிக்கை, வருகிறவர்களுக்கும் மரியாதை.

5. வீட்டுக்குள் கேமரா இருந்தால் வேலைக்கு வரும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் உடை மாற்றும், ஓய்வெடுக்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

ஆறாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் தண்ணீர் கேன் போடும் ஒரு பையன், பத்தொன்பது வயது. ஒரு வீட்டு வாசலில் இரண்டு நிமிடம் நின்று போனைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், அடுத்த வீட்டையும் பார்த்தான். கதவு எண் தேடியிருக்கிறான், அவ்வளவுதான். அந்தக் காட்சி, "இவன் வீடுகளை நோட்டம் விடுகிறான், உஷார்" என்ற வரியோடு தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சாயங்காலத்துக்குள் வேறு குழுக்களுக்கும் போய்விட்டது. கடைக்காரர், "கொஞ்ச நாள் அந்தப் பக்கம் வராதே" என்று நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்ததும் நம் குழுவில் அழித்தார்கள். மற்ற குழுக்களில் யார் போய் அழிப்பது? அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "திருடன்னு போட்டவங்க, இல்லைன்னும் ஒரு வரி போடலாமில்ல சார்?" கேட்டுப் பார்த்தேன். இன்னும் போடவில்லை. பையன் இப்போது வேறு ஏரியாவில் கேன் போடுகிறான்.

ஆதாரமில்லாமல் ஒருவரைத் திருடன் என்று பரப்புவது அவதூறு. 356-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வழக்கில் சிக்கியவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் அடையாளத்தை வெளியிடுவதே இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். சந்தேகம் வந்தால் காட்சியைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். டிவிஆர் பழையதின் மேல் புதியதை எழுதிவிடும், எனவே உடனே ஒரு நகல் எடுத்துவையுங்கள். மூலப் பதிவு இருக்கும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். அதில் தேதி, மணி சரியாக ஓடுகிறதா பாருங்கள். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைக் காட்ட பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த வீடியோவுக்கு யார் சான்று தருவார்கள்?

பக்கத்து வீட்டுக் கேமராவால் பாதிக்கப்படுகிறவர்கள் முதலில் நேரில் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் கடிதமாகக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை. வக்கீலுக்குக் காசில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

முப்பது வருடப் பழக்கம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க வராது. இன்று இரவு சாப்பிட்ட பிறகு உங்கள் போனில் கேமரா செயலியைத் திறந்து ஒவ்வொரு கேமராவாகப் பாருங்கள். திரையில் உங்களுடையது எது, அடுத்தவருடையது எது என்று பிரித்துப் பாருங்கள். வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரியாதது அவர்கள் கண்ணுக்கு உடனே தெரியும்.

செய்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தெருக் குழுவில் பகிர விரும்பினால் தாராளமாகப் பகிரலாம்.