இரண்டு மின்கலங்கள்



சில சனிக்கிழமைகளில் நான் கோவிலின் பின்புறக் கொட்டிலில் இறப்பர்க் கையுறையும் கண்ணாடியும் அணிந்து குனிந்திருப்பதை உங்களிற் பலர் கண்டிருக்கிறீர்கள். "சுவாமிக்கு இந்த வயதில் மெக்கானிக் வேலை ஏன்?" என்று சிலர் அன்போடும், சிலர் சற்றுக் கேலியோடும் கேட்டீர்கள். அதற்குரிய விடையை இன்று எழுதுகிறேன். இதில் பாதி, ஒரு மின்வண்டியைப் பேணும் முறை. மற்றப் பாதி, என் பாவசங்கீர்த்தனம். ஒன்றைவிட்டு மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நம் கோவிலின் வாகனத் தரிப்பிடம் எவ்வளவு நீளமானது என்பதை நீங்கள் அறிவீர்கள். இளையவர்களுக்கு அது மூன்று நிமிட நடை. ஊன்றுகோலோடு வரும் எண்பது வயதுத் தாய்க்கு, அதுவும் ஒன்ராறியோவின் ஏப்ரல் மாதக் காற்றில், அது ஒரு யாத்திரை. அதனால்தான் நமது குடும்பமொன்று பல ஆண்டுகளுக்கு முன் பழைய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கித் தந்தது. புல்வெளியில் பந்து விளையாடுவோருக்காகச் செய்யப்பட்ட அந்த வண்டி, நம்மிடம் வந்தபின் முதியோரைக் கோவில் வாசலுக்குக் கொண்டுவரும் பணியை ஏற்றது. திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்துவந்த நான்கு பேரைப் பற்றி மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நமக்கு அந்த நால்வராக இருந்தது அந்த வண்டி.

ஆனால் அந்த வண்டியை யார் சுமந்தார்? இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாகக் கேட்கவேயில்லை.

சுமந்தவர் ஓர் ஐயா. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் மின்பகுதியில் வேலை செய்தவர். பெயர் எழுதப்படுவதை அவர் விரும்பியிருக்கமாட்டார். எழுதாமலே உங்களுக்குத் தெரியும். திருப்பலி முடிந்து நாம் தேநீர் அருந்தும் வேளையில் அவர் கொட்டிலுக்குள் இருப்பார். அங்கே என்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வண்டி ஓடியது; ஆகவே அது தானாகவே ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முந்திய ஆண்டு ஒக்ரோபரில் அவர் மருத்துவமனையிற் படுத்தார். நோயிற்பூசுதல் கொடுக்கச் சென்றேன். செபங்கள் முடிந்தபின் என் கையைப் பிடித்து, "சுவாமி, பனிக்கு முதல் வண்டியைச் சாஜிலை போடச் சொல்லுங்கோ. முழுக்க ஏறவேணும்" என்றார்.

"அதையெல்லாம் இப்ப யோசியாதேங்கோ ஐயா. ஆண்டவரை நினையுங்கோ" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் கண்களை மூடிக்கொண்டார். பதினொரு நாட்களின் பின் அவரை அடக்கம் செய்தோம். மறையுரையில் அவருடைய அமைதியான சேவையைப் பற்றி அழகாகப் பேசினேன் என்று பலர் பாராட்டினீர்கள். அவர் கேட்ட ஒரேயொரு காரியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளியின் மனம் அலைகிறது என்று எண்ணி மறந்துவிட்டேன்.

குருமடத்தில் நான் மெய்யியலும் இறையியலும் கற்றேன், மின்னியல் கற்கவில்லை. பின்னர் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். நமது வண்டியின் இருக்கைக்குக் கீழே ஆறு மின்கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 6 வோல்ற்று. ஒன்றோடொன்று தொடராக இணைந்து 36 வோல்ற்று. ஒவ்வொன்றினுள்ளும் மூன்று அறைகள். அவற்றில் ஈயத் தகடுகள், சல்பூரிக் அமிலமும் நீரும் கலந்த கரைசலில் மூழ்கியிருக்கும். 1859ஆம் ஆண்டு கஸ்ரோன் பிளான்ரே என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்த அதே தத்துவம்தான் இன்றும்.

மின்கலம் நிறைந்திருக்கும்போது அக்கரைசலில் அமிலச் செறிவு அதிகம். பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை செல்சியஸ் குளிரிலும் அது உறையாது. மின் வடிய வடிய, அமிலத்தின் கூறு தகடுகளிற் படிந்துவிடுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் நீர். அப்போது சாதாரணக் குளிரிலேயே அது உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும். பிளக்காவிட்டாலும், வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் தகடுகளிற் படிந்த உப்பு கடினமாகி, பிறகு மின்னை ஏற்க மறுக்கும். ஆகவே குளிர்காலத்துக்கு முன் வண்டியை முழுமையாக மின்னேற்றி, இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். ஐயா கேட்டது இதைத்தான். அவருடைய மனம் அலையவில்லை. என் காதுதான் மந்தமாயிருந்தது.

இளவேனிலில், உயிர்ப்பு ஞாயிறன்று காலை, வண்டியை எடுக்கச் சென்றோம். மிதித்தால் 'டிக்' என்றொரு சத்தம் மட்டும், சில்லு அசையவில்லை. மின்னேற்றியைச் செருகினோம், அதன் வழக்கமான முனகல் ஒலி எழவில்லை. இத்தகைய மின்னேற்றிகள் பல, மின்கலத்தில் ஓரளவாவது மின் எஞ்சியிருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்கும். முற்றாக வற்றியதை அவை அடையாளம் காண்பதில்லை. இருக்கையைத் தூக்கினோம். ஒரு மின்கலத்தின் பக்கம் பிளந்து, தட்டு முழுதும் அமிலம் சிந்திக் கறல் பிடித்திருந்தது. அன்று பூசைக்கு நேரமாகிவிட்டது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

மூன்று நாட்களின் பின்னரே அறிந்தேன். முன்வரிசையின் ஓரத்தில் எப்போதும் அமரும் ஆச்சி அன்று கோவிலுக்குள் வரவில்லை. மகன் அவரைக் கூட்டிவந்து, வண்டி வரும் என்று காத்திருந்து, வராதபோது நடத்திப் பார்த்திருக்கிறார். பத்து அடிகளுக்குமேல் முடியவில்லை. "நீ உள்ளே போ" என்று மகனை அனுப்பிவிட்டு, உயிர்ப்புத் திருப்பலி முழுவதும் ஆச்சி தனியே காருக்குள் இருந்திருக்கிறார்.

வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன சுவாமி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மணிச்சத்தம் கேட்டனான்" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வண்டியைப் பார்க்க வந்த திருத்துநர், ஆறையும் மாற்றவேண்டும் என்றார். பிளந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். மூப்படைந்தவற்றோடு புதிய ஒன்றைச் சேர்த்தால், புதியதும் விரைவில் அவற்றின் நிலைக்கே வந்துவிடும் என்றார். அருட்பணிச் சபையில் அந்தச் செலவுக்கு அனுமதி கேட்டபோது, காரணம் வயது என்று சொன்னேன். அது முழு உண்மையன்று. காரணம் என் கவனக்குறைவு. அதை இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் நான் மாணவனானேன். எனக்கு ஆசிரியன், இங்கே பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன். கல்லூரியில் மின்னியல் படிக்கிறான். முதல் நாளே என் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னான். உலோகம் இரு முனைகளைத் தொட்டால் எரிந்து சிவந்துவிடும் என்றான். மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். ஆகவே கொட்டிற் கதவு திறந்திருக்கவேண்டும், அண்மையில் மெழுகுதிரியும் சிகரெட்டும் கூடாது. மூடிகளைத் திறந்து, தகடுகள் நீருக்கு மேலே தெரிந்தால், மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு மின்னேற்றவேண்டும். முழு அளவுக்கு நிரப்புவது மின்னேறி முடிந்த பின்னரே. முன்னரே நிரப்பினால், மின்னேறும்போது கரைசல் விரிந்து வெளியே பொங்கிவிடும். விடுவது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே; குழாய்நீரும் கூடாது, அமிலமும் கூடாது. முனைகளிற் பூக்கும் வெண்ணீல உப்பை, மூடிகளை இறுக மூடியபின், நீரிற் கரைத்த அப்பச்சோடாவால் கழுவி, உலரத் துடைத்து, திருகுகளை இறுக்கவேண்டும். முழுமையாக ஏறிய பின் சில மணிநேரம் ஓய்வாக விட்டு அளந்தால், ஆறும் சேர்ந்து 38 வோல்ற்றைச் சற்றுத் தாண்டவேண்டும்.

கொட்டிலின் தட்டில் ஐயாவின் நீர்க்கலன் இன்னும் இருக்கிறது. அதன்மேல் அவருடைய கையெழுத்தில் ஒரு சிட்டை: "இது தீர்த்தமல்ல. வண்டிக்குரியது. எடுக்க வேண்டாம்." வாசித்துச் சிரித்தேன். யாரோ ஒருமுறை எடுத்துப் போயிருக்கவேண்டும்.

இனி, தலைப்புக்கு வருகிறேன். இவ்வாண்டு மே மாத மாதா வணக்கத்திலிருந்து செபமாலைப் பவனிக்காக வண்டியில் ஒலிபெருக்கி பூட்டினோம். ஒலிபெருக்கிக்கு 12 வோல்ற்று போதும். ஆகவே ஆறு மின்கலங்களில் முன்னால் இருந்த இரண்டிலிருந்து வயர் இழுத்தோம். கைக்கு எட்டியவை அவைதாம். பூட்டச் சொன்னவன் நான். தம்பி அன்று ஊரில் இல்லை.

ஓகஸ்ற்று மாதம் மடு மாதா திருவிழாவன்று பவனியின் நடுவில் வண்டி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். இளைஞர்கள் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். மறுநாள் தம்பி ஒவ்வொன்றாக அளந்தான். நான்கு மின்கலங்கள் 6.2 வோல்ற்றுக் காட்டின. முன்னிருந்த இரண்டும் 5.8ஐயும் எட்டவில்லை.

"பழுதா?" என்று கேட்டேன்.

"இல்லை ஃபாதர். இந்த இரண்டும் மற்றதுகளோடை சேர்ந்து வண்டியையும் இழுக்குது, தனிய ஸ்பீக்கருக்கும் குடுக்குது. சாஜ் பண்ணேக்கை ஆறுக்கும் ஒரே அளவுதான் போகும். நாலும் நிரம்பினவுடனை சாஜர் நின்றிடும். இது இரண்டும் ஒருநாளும் முழுசா நிரம்பாது" என்றான்.

நான் வாய்திறவாமல் நின்றேன். அவன் மின்கலங்களைப் பற்றித்தான் பேசினான். நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்புக்குரியவர்களே, நம் பங்கில் நாற்காலி அடுக்க யார்? திருவிழாவுக்குச் சமைக்க யார்? மரணவீட்டில் முதலில் நிற்பது யார்? எல்லோருக்கும் அதே இரண்டு பேரின் முகங்கள்தான் மனதில் வரும். நானும் அவர்களையே அழைக்கிறேன். கைக்கு எட்டுபவர்கள் அவர்கள்தாம். ஞாயிறன்று எல்லோருக்கும் கிடைக்கும் அதே திருவிருந்தும் அதே மறையுரையும்தான் அவர்களுக்கும் கிடைக்கின்றன. அவர்கள் நிரம்பினார்களா என்று நான் தனியாக அளந்து பார்த்ததில்லை. அவர்கள் சோரும்போது, "இப்போது முன்போல் வருவதில்லை" என்று குறை சொல்கிறோம். அவர்கள் பழுதாகவில்லை, அவர்களிடமிருந்து மட்டும் வயர் இழுத்திருக்கிறோம். ஐயாவும் அப்படிப்பட்ட ஒருவர்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவரைக் கொட்டிலிலிருந்து அழைத்து ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அருகில் இருத்தியதாக எனக்கு நினைவில்லை.

தம்பி செய்தவை இரண்டு. முதலாவதாக, அந்த இரு மின்கலங்களையும் பிரித்தெடுத்து, சிறிய மின்னேற்றி ஒன்றினால், ஒவ்வொன்றையும் ஓர் இரவு முழுவதும் தனித்தனியே மெதுவாக நிரப்பினான். இரண்டாவதாக, 36 வோல்ற்றை 12 ஆகக் குறைக்கும் கருவியொன்றைப் பூட்டினான். இப்போது ஒலிபெருக்கிக்கு வேண்டியதை ஆறும் சமமாகக் கொடுக்கின்றன. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது.

பனி வர இன்னும் சில வாரங்களே உள்ளன. ஆகவே உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன்.

முதலாவது, வண்டிக்கு ஆறு பேர் வேண்டும். குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருவர், அரைமணி நேரம். மின்னியல் தெரிந்திருக்கத் தேவையில்லை. நான் கற்றுத் தருவேன். தம்பியைக் கேட்காதீர்கள், அவனுக்குப் பரீட்சை இருக்கிறது. ஏற்கெனவே மூன்று பணிகளில் உள்ளவர்கள் தயவுசெய்து கை உயர்த்தாதீர்கள். இதுவரை ஒன்றும் கேட்கப்படாதவர்கள் வாருங்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் அடுப்பைப் பற்றியோ, தோட்டத்துக் குழாயைப் பற்றியோ, பழைய கடனொன்றைப் பற்றியோ திரும்பத் திரும்பச் சொன்னால், "அதை இப்ப யோசியாதேங்கோ" என்று சொல்லவேண்டாம். தாம் இதுவரை சுமந்ததை உங்கள் கையில் தருகிறாரோ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் தேநீரை நான் ஊற்றுகிறேன். வழக்கமாக ஊற்றும் இரு சகோதரிகளும் அன்று அமர்ந்திருந்து அருந்தவேண்டும். தேநீர் நன்றாக அமையும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

ஆச்சி கடந்த ஞாயிறும் வண்டியில் வந்தார். ஓட்டியவன் நான். வாசலில் இறங்கும்போது இருக்கையைத் தட்டி, "ஐயா இருந்த காலம் மாதிரி ஓடுது" என்றார். எனக்குக் கிடைத்த பாவமன்னிப்பாக அதை ஏற்றுக்கொண்டேன்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை